டேங்க்கின் இரண்டாவது ஓட்டை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரெண்டரை மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் ஒட்டிய பெட்ரோல் விமானம், ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் ஏரிக்கு மேலே நாலு நிமிஷம் அழகாகப் பறந்தது. அஞ்சாவது நிமிஷம் சீமைக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. இறங்கியது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

விழுவதற்கு முன்னால் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. 'கிய்ய்ய்ங்'னு ஒரு இழுப்பு, அப்புறம் நிசப்தம். ஆறு அடி இறக்கை, 26 சிசி இன்ஜின், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நான். இன்ஜின் நின்ற விமானத்தைத் திருப்பி மைதானத்துக்குக் கொண்டுவர எனக்குத் திறமை போதவில்லை. முள்ளுக்குள் புகுந்து பொறுக்கிக்கொண்டு வந்தோம். வலது இறக்கை காலி, முன்சக்கரம் காலி. இன்ஜின் மட்டும் முழுசாக இருந்தது.

கம்ப்யூட்டர்காரன் புத்தி எப்படி வேலை செய்யும்? எது சிக்கலாக இருக்கிறதோ அதில்தான் தப்பு இருக்கும். நேராக கார்புரேட்டரில் கை வைத்தேன். ஊசி திருகை அரைச் சுற்று திறந்தேன், கால் சுற்று மூடினேன். வடிகட்டியைக் கழட்டித் துடைத்தேன். ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. எங்கள் கோஷ்டியில் மூத்தவர் ஒருத்தர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் அண்ணன். அதுவரைக்கும் டீ குடித்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, கார்புரேட்டரை விடுப்பா. மொதல்ல அந்தச் செவப்பு மூடியைப் புடுங்கு."

"எந்த மூடிண்ணே?"

வயிற்றுப் பக்கம் காட்டினார். வென்ட் குழாயின் வாயில் சிவப்பாக ஒரு குட்டி அடைப்பான். காரில் கொண்டுவரும்போது பெட்ரோல் ஒழுகக்கூடாது என்று நானே செருகியது. எடுக்க மறந்திருக்கிறேன். பிடுங்கினதும் 'உஸ்ஸ்'னு காற்று உள்ளே போனது. உடம்புக்குள்ளிருந்து 'டொப்'பென்று ஒரு சத்தம். மேல் மூடியைத் திறந்து பார்த்தால், வத்தல் மாதிரி ஒடுங்கிப்போயிருந்த பிளாஸ்டிக் டேங்க் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, பக்கவாட்டில் மட்டும் ஒரு மடிப்போடு. நாலு நிமிஷமாக என் இன்ஜின் உறிஞ்சியது பெட்ரோல் மட்டும் இல்லை, டேங்க்கையும் சேர்த்துத்தான்!

இதில் வெட்கம் என்னவென்றால், இந்தப் பாடம் எனக்கு ஆறு வயசிலேயே தெரியும். தாத்தா கடையில் எண்ணெய் டின்னை உடைக்கும்போது எப்பவும் ரெண்டு ஓட்டை போடுவார். ஒரு மூலையில் பெரிசாக ஒன்று, எதிர் மூலையில் ஆணியால் சின்னதாக ஒன்று. ஒரு ஓட்டையோடு சாய்த்தால் எண்ணெய் 'குபுக் குபுக்'கென்று விக்கிக்கொண்டு வரும். ரெண்டாவதைப் போட்டதும் நூல் பிடித்த மாதிரி இறங்கும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும்போது நர்ஸம்மா பாட்டிலின் தலையில் தனியாக ஒரு ஊசி குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். உள்ளிருந்து ஒன்று வெளியே போகவேண்டுமானால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று வரவேண்டும். இவ்வளவு எளிசான சமாச்சாரத்தைப் போய் மறந்தோமே என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, மாடல் விமான உலகமே இதை எத்தனை தடவை மறந்து மறந்து திரும்பக் கற்றிருக்கிறது என்று. மாடல் இன்ஜின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாம் பிஸ்டன், ஸ்பார்க், குதிரைசக்தி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். டேங்க்கின் ரெண்டாவது ஓட்டையை யாரும் மதிப்பதில்லை. அதனால் இந்தப் பதிவு அதற்கு.

பெட்ரோலில் ஓடும் மாடல் விமானம் நாம் நினைப்பதைவிடப் பழசு. இங்கிலாந்தில் டேவிட் ஸ்டாங்கர் என்பவர் 1914ல் தானே செய்த இன்ஜினைப் போட்டு ஒரு மாடலை 51 வினாடி பறக்கவிட்டார். அந்தச் சாதனையை முறியடிக்க 18 வருஷம் ஆனது. 1932ல் பௌடன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 'கங்கா' என்ற இரட்டை இறக்கை மாடலில் 71 வினாடி பறக்கவிட்டார். (நம்ம கங்கை இல்லைங்க, கங்காரு கங்கா!)

அதே சமயம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஃபிலடெல்ஃபியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் 10 சிசியில் ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜின் செய்துகொண்டிருந்தார். பின்னால் 'பிரவுன் ஜூனியர்' என்று பெயர் வாங்கி ஆயிரக்கணக்கில் விற்றது இதுதான். நண்பர் மேக்ஸ்வெல் பாஸெட் அதை 'மிஸ் ஃபிலடெல்ஃபியா' என்ற மாடலில் பூட்டி, 1933 அமெரிக்க தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். அங்கே மற்றவர்கள் எல்லாம் ரப்பரை முறுக்கிப் பறக்கவிடுகிறவர்கள். பாஸெட் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போனார். இவனோடு எல்லாம் சேர்ந்து விளையாட முடியாது என்று பெட்ரோலுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கிவிட்டார்கள். 1934 மே மாசம் நியூ ஜெர்சியின் கேம்டனில் அவர் கைவிட்ட மாடல் ஒன்று ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் பறந்து, பக்கத்து டெலவேர் மாநிலத்தில் போய் இறங்கியது.

'கைவிட்ட' என்று எழுதியது சரிதான். அப்போது ரிமோட் கிடையாது. இன்ஜினைக் கிளப்பி விட்டால் விட்டதுதான். பெட்ரோல் தீர்ந்தால் இறங்கும், இல்லாவிட்டால் ஊரைத் தாண்டும். அதனால்தான் போட்டிகளில் முதலில் மாடலின் எடைக்கு இவ்வளவு என்று பெட்ரோலை அளந்து கொடுத்தார்கள், அப்புறம் இன்ஜின் ஓடும் நேரத்தையே வினாடிக் கணக்கில் கட்டுப்படுத்தினார்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் கண்ணாடிக் குழாயையே டேங்க்காக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட விமானம் ஒரே தினுசாகத்தான் பறக்கும். மூக்கைத் தூக்கி ஏறும், வட்டம் போடும், இறங்கும். தலைகீழாகப் போவதில்லை, குட்டிக்கரணம் இல்லை. டேங்க்கின் தலையில் ஒரு பொடி ஓட்டை இருந்தால் காரியம் முடிந்தது. எண்ணெய் டின் பிசிக்ஸே போதும்.

சிக்கல் ஆரம்பித்தது கயிறு கட்டிய பிறகு.

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஜிம் வாக்கர் என்ற பொம்மை வியாபாரி 1940ல் 'ஃபயர்பால்' என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இடது இறக்கையிலிருந்து ரெண்டு கம்பிகள் உங்கள் கைப்பிடிக்கு வரும். நீங்கள் நடுவில் நின்று சுற்றவேண்டும், விமானம் உங்களைச் சுற்றும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். (இதை முதலில் கண்டுபிடித்தது வாக்கரா, இல்லை ஓபா செயின்ட் கிளேரா என்று பின்னால் கோர்ட் வரைக்கும் போனார்கள். 1955ல் வாக்கரின் காப்புரிமை அடிபட்டுப்போனது. அது தனிப் பதிவுக்கான கதை.)

இப்போது டேங்க்குக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கம்பியின் நீளம் 20 மீட்டர், ஒரு சுற்றுக்கு அஞ்சரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். வேகம் வினாடிக்கு 23 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 26 வருகிறது. அதாவது, டேங்க்கில் இருக்கும் பெட்ரோலுக்கு பூமி இழுப்பதைப்போல் ரெண்டரை மடங்குக்கு மேல் வெளிப்பக்கம் இழுப்பு. அதற்கு 'கீழே' என்பது தரை இல்லை, வெளிப்பக்கத்து இறக்கை! பாவம், அந்தப் பெட்ரோலுக்கு யார் சொல்லுவார்கள்?

ஆகவே டேங்க்கையே மாற்றினார்கள். தகரத்தை வெட்டி, வெளிப்பக்கம் குறுகி ஆப்பு மாதிரி இருக்கும்படி பற்றவைத்தார்கள். இன்ஜினுக்குப் போகும் குழாயின் வாய் அந்தக் கூரான மூலையில், பின்பக்கம் இருக்கும். கடைசிச் சொட்டும் அங்கேதான் போய்ச் சேரும். உள்பக்கம், அதாவது பெட்ரோல் இல்லாத பக்கம், ரெண்டு வென்ட் குழாய்கள். ஒன்று மேலே நீட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று கீழே. தலைகீழாகப் பறந்தாலும் ஒழுகாது, காற்றும் நிற்காது. அந்தக் காலத்துப் பையன்கள் இதையெல்லாம் சமையலறை மேஜையில் செப்புக் குழாயும் ஈயமும் வைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள்.

இன்ஜின் நிற்காமல் ஓடியது, சரி. ஆனால் ஒரே மாதிரி ஓடவில்லை. டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோலின் மட்டம் உள்பக்கத்துச் சுவர் வரைக்கும் இருக்கிறது. தீரத் தீர மட்டம் வெளிப்பக்கமாக நகர்கிறது. டேங்க் 5 செ.மீ. அகலம் என்றால், அந்த ரெண்டரை மடங்கு இழுப்பில் அது 12, 13 செ.மீ. உயரத்துக்குச் சமம். மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் தண்ணீர் வேகமாக வருவதும், அடியில் கிடக்கும்போது ஒழுகுவதும் நமக்குத் தெரியும்தானே? அதே மாதிரி, பறக்க ஆரம்பித்தபோது பெட்ரோல் தாராளம், முடிக்கும்போது பற்றாக்குறை. சத்தம் ஏறிக்கொண்டே போகும், இன்ஜின் சூடாகும், கடைசிக் குட்டிக்கரணத்தில் காலை வாரும். சாகசப் போட்டியில் நடுவர் முன்னால் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இதற்குக் கண்டுபிடித்த மருந்துக்கு 'யூனிஃப்ளோ' என்று பெயர். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். செய்தது இவ்வளவுதான். காற்று வரும் குழாயை டேங்க்கின் வாசலிலேயே நிறுத்தாமல், உள்ளே நீட்டி, வெளிப்பக்கம் கொண்டுபோய், இன்ஜின் உறிஞ்சும் குழாயின் வாய்க்குக் கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டார்கள். மற்ற ஓட்டைகளைப் பெட்ரோல் நிரப்பியதும் மூடிவிடவேண்டும். இப்போது காற்று பெட்ரோலுக்கு மேலே போய் உட்காருவதில்லை. பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் குழாய் வாயிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்புகிறது. அந்த வாயின் இடத்தில்தான் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கும். அதற்கு மேலே எவ்வளவு பெட்ரோல் இருந்தாலும் கணக்கில் வராது, ஏனென்றால் அதற்கும் மேலே அடைபட்டிருக்கும் காற்று அந்த அளவுக்கு இளகிப்போயிருக்கும். ஆக, முதல் நிமிஷத்திலிருந்து அந்த வாய் வெளியே தெரியும் வரைக்கும், இன்ஜினுக்கு ஒரே மட்டத்திலிருந்து பெட்ரோல் வருகிற மாதிரி.

இதை முதல் தடவை படித்ததும் எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. யோசித்தால், பிளஸ் டூ பாயில் விதியின் பங்காளி! எட்மே மரியோட் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். 1684ல் இறந்துபோனவர். வாயு விதியை பாயிலும் அவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்ததால் பல புத்தகங்களில் ரெண்டு பேர் பெயரும் சேர்ந்து வரும். அவர் பெயரில் இன்னொன்றும் இருக்கிறது, மரியோட் குப்பி. அடைத்த குப்பிக்குள் தண்ணீருக்கு அடி வரைக்கும் ஒரு காற்றுக் குழாயை இறக்கிவிட்டு, கீழே ஒரு துவாரம் வைத்தால், தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலும் ஒரே வேகத்தில் வடியும். யூனிஃப்ளோ டேங்க் என்பது படுக்கவைத்துச் சுற்றிவிட்ட மரியோட் குப்பிதான். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் சும்மா கிடந்த ஒன்று, கம்பி பிடித்துத் தலைசுற்றிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு 250 வருஷத்துக்கு மேல் கழித்துக் கைகொடுத்தது. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் வீண் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வாபஸ்.

இதே காலத்தில் எதிர்க்கட்சி ஒன்றும் இருந்தது. ஓட்டையே வேண்டாம் என்றவர்கள். சண்டை மாடல் விடுகிறவர்கள் (ஒருத்தர் விமானத்தின் வாலில் கட்டிய காகித நாடாவை இன்னொருத்தர் வெட்டவேண்டும், நம்ம மாஞ்சா பட்டம் மாதிரி) கண்டபடி திரும்புவார்கள். எந்த வென்ட்டும் அந்த ஆட்டத்துக்குத் தாங்காது. அவர்கள் மை பேனாவுக்குள் இருக்கும் ரப்பர் பையை எடுத்தார்கள். அது பத்தாதபோது குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானை எடுத்தார்கள்! சிரிஞ்சால் அதற்குள் எரிபொருளை ஏற்றினால் பலூன் மாதிரி உப்பும், ரப்பர் சுருங்கும் வேகத்தில் இன்ஜினுக்குள் தள்ளும். பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று உள்ளே வரவேண்டிய அவசியமே இல்லை. மருந்துக்கடையில் போய் ஒரு டஜன் சூப்பான் கேட்ட மீசைக்கார மனுஷர்களை நினைத்துப் பார்க்கிறேன் :-)

1947ல் ரே ஆர்டன் 'க்ளோ பிளக்'கைக் கொண்டுவந்ததும் பெட்ரோலே மேடையை விட்டு இறங்கிவிட்டது. பேட்டரி, காயில், ஸ்பார்க் என்ற பாரமெல்லாம் போய், மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் வந்தது. ரிமோட் விமானங்களும் மெல்ல வளர்ந்தன. மிச்சிகனில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடலை 1937லேயே ரேடியோவால் பறக்கவிட்டிருந்தார்கள். கம்பி அறுந்ததும் டேங்க்குக்குள் 'கீழே' என்பது எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாமல் போனது. அதனால் குழாயின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டி, வளையும் குழாயோடு உள்ளே தொங்கவிட்டார்கள். பெட்ரோல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ குண்டும் அந்தப் பக்கம் ஓடும். சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்து சைலன்ஸர் கட்டாயமானதும் இன்னொரு வசதி. சைலன்ஸரில் ஒரு துளை போட்டு, அந்த அழுத்தத்தை வென்ட் வழியாக டேங்க்குக்கே அனுப்பிவிட்டார்கள். ஒரு முழுத் தலைமுறை அப்படியே பழகிவிட்டது. அவர்களைப் பொறுத்தவரை அது வென்ட் இல்லை, 'பிரஷர் லைன்'.

பிறகு 1970களின் கடைசியில் பெட்ரோல் திரும்பி வந்தது, கொஞ்சம் முரட்டுத்தனமாக. புல்வெட்டும் கருவியிலும் மரம் அறுக்கும் ரம்பத்திலும் இருந்த இன்ஜின்களைக் கழட்டிப் பெரிய மாடல்களில் பூட்டினார்கள். விலை குறைவு. பெட்ரோல், மெத்தனாலில் பாதிதான் செலவாகும். அந்த இன்ஜின்களோடு கூடவே வந்தது வால்ப்ரோ வகை டயஃப்ரம் கார்புரேட்டர். மரம் அறுக்கிறவன் ரம்பத்தை எப்படி வேண்டுமானாலும் சாய்ப்பான் என்பதற்காகவே உண்டானது அது. இன்ஜினின் உள்துடிப்பை வைத்துத் தானே பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். சைலன்ஸர் அழுத்தம் வேண்டாம், மட்டம் பற்றிய கவலை வேண்டாம், யூனிஃப்ளோ வேண்டாம். வென்ட்டைச் சும்மா திறந்துவிட்டால் போதும்.

போதும்தான். ஆனால் மெத்தனாலில் பழகிய கை சும்மா இருக்குமா? பழைய சிலிகான் குழாயையே போட்டார்கள், பெட்ரோலில் அது ஊறி உப்பிக் கழன்றது. (மஞ்சள் நிற டைகான் குழாய் எல்லார் பெட்டியிலும் இடம்பிடித்தது இப்படித்தான். டேங்க்கின் ரப்பர் அடைப்பானுக்கும் இதே கதி.) வென்ட்டை டேங்க்கிலிருந்து நேராகக் கீழே விட்டார்கள். அது வண்டியிலிருந்து ட்யூப் போட்டுப் பெட்ரோல் எடுக்கிற சமாச்சாரம் ஆகிவிட்டது. மூக்கைக் குத்தி ஒரு டைவ் அடித்தால் போதும், குழாய் நிரம்பி, டேங்க் தன்பாட்டுக்கு வடிய ஆரம்பிக்கும். ஆகவே குழாயை முதலில் மேலே ஏற்றி, டேங்க்கை ஒரு சுற்றுச் சுற்றி, அப்புறம் வயிற்றுப் பக்கம் இறக்கினார்கள். விமானம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் அந்த வளையத்தின் ஏதாவது ஒரு பகுதி பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருக்கும்.

வெளியே நீட்டும் நுனி எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதும் ஒரு பஞ்சாயத்து. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் பார்க்கும் குழாய்க்குள் காற்று தள்ளும் அழுத்தம், கணக்குப் போட்டால், 5 செ.மீ. பெட்ரோலின் உயரத்துக்குச் சமம். என் டேங்க்கே மொத்தம் 7 செ.மீ. உயரம்தான்! பின்பக்கம் பார்த்தால் நேர்மாறு, உறிஞ்சும். சின்ன இன்ஜினில் இது இன்ஜினின் மூச்சையே மாற்றும். பம்ப் இருக்கிற பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதே கார்புரேட்டரில் யாரும் கவனிக்காத இன்னொரு ஓட்டை இருக்கிறது. டயஃப்ரத்தின் மறுபக்கத்து மூடியில், குண்டூசித் தலை அளவு. வெளியே காற்றழுத்தம் எவ்வளவு என்று டயஃப்ரத்துக்குச் சொல்வதே அதுதான். ரம்பத்தில் அது சும்மா காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். விமானத்தில் முகப்புக் கூட்டுக்குள் வேகமாக வரும் காற்று அதன்மேல் அடித்தால், தரையில் ஒழுங்காகப் பாடிய இன்ஜின் வானத்தில் வேறு ராகம் பாடும். அந்த ஓட்டைக்கு ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து உடம்புக்குள் கொண்டுபோய் விட்டவர்கள்தான் பிழைத்தார்கள். அண்ணன் தன் இன்ஜின்கள் எல்லாவற்றிலும் இதைச் செய்து வைத்திருக்கிறார். என்னுடையதில் இல்லை. அடுத்த பாடம் போல.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை என்பது எனக்கு ஒரு ஆறுதல். 2011ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம், சிலந்தி. பெட்ரோல் வாடைக்கு வரும் ஒரு மஞ்சள் சிலந்தி, டேங்க்கின் வென்ட் குழாய்க்குள் வலை பின்னி அடைத்துவிடுகிறதாம். உள்ளே அழுத்தம் குறைந்து டேங்க்கில் விரிசல் விடும் ஆபத்து. 2014ல் மறுபடியும் 42,000 கார்கள், மறுபடியும் அதே சிலந்தி. நானாவது என் கையால் அடைத்தேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, கடைசியில் மேனார்ட் ஹில் கதைக்கு வந்தேன். பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் டேங்க்கை மனசில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேளுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வேலைபார்த்த உலோகவியலாளர். (கஃப் விட்ட வால்டர் குட்டும் அங்கேதான் வேலைபார்த்தார்.) ஓய்வு பெற்றபிறகு, மாடல் விமானத்தை அட்லாண்டிக்கைத் தாண்ட வைக்கவேண்டும் என்று உட்கார்ந்தார். அப்போது அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட இல்லை, காதும் சரியாகக் கேட்காது. விரல்களால் தடவித் தடவி பால்ஸா மரத்தை ஒட்டினார். சாதனை விதிப்படி பெட்ரோலோடு சேர்த்து எடை 5 கிலோவைத் தாண்டக்கூடாது. 2002ல் விட்டவை எல்லாம் கடலோடு போயின.

2003 ஆகஸ்ட் 9 மாலை, நியூஃபவுண்ட்லண்டின் கேப் ஸ்பியர் முனையிலிருந்து டாம்-5 கிளம்பியது. ஒரு 10 சிசி நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், ஆறு அடி இறக்கை, ஜி.பி.எஸ். பார்த்துத் தானே திரும்பும் ஒரு குட்டி மூளை. எரிபொருள், முகாம் விளக்கு எரிக்கிற கோல்மன் பெட்ரோல், ஒரு கேலனுக்கும் கம்மி, அதாவது 3.8 லிட்டருக்குள். 38 மணி 52 நிமிஷம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று அயர்லாந்தில் கிளிஃப்டன் ஊர்ப் பக்கம் மேனின் கடற்கரைக்கு மேலே சத்தம் கேட்டது. அமெரிக்க ஏரோமாடலர் சங்கத்தின் அப்போதைய தலைவர் டேவ் பிரவுன் ரிமோட்டை எடுத்து இறக்கினார். 1919ல் அல்காக்கும் பிரவுனும் முதல் தடவை நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து விழுந்த சதுப்பு நிலமும் அந்தப் பக்கம்தான். 3,030 கி.மீ.க்கு அருகில். டேங்க்கில் மிச்சம், ஏதோ பேருக்கு. ஹில்லுக்கு அப்போது வயசு 77.

நான் போட்ட கணக்கு இது. 3.8 லிட்டருக்குக் கம்மியானதை 39 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு 100 மில்லிகூட வரவில்லை. அதாவது நிமிஷத்துக்கு ரெண்டு சிசிகூட இல்லாத அளவுக்குக் காற்று அந்த டேங்க்குக்குள் போயிருக்கவேண்டும், ஒரு ராத்திரி, ஒரு முழுப் பகல், இன்னொரு ராத்திரி, கடலுக்கு மேலே, ஒரு நிமிஷம்கூட நிற்காமல். கொசு மூச்சு விடுகிற அளவு. அந்தக் கொசு நடு அட்லாண்டிக்கில் மூச்சு பிடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். போய்ப் பார்க்கக்கூட ஆள் இல்லை. சிவப்பு மூடியைப் பிடுங்க அண்ணனும் இல்லை.

விமானத்தை இப்போது சரிபண்ணிவிட்டேன். வலது இறக்கை புதுசு. வென்ட் குழாயை மேலே ஏற்றி, டேங்க்கை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்துக்குப் பின்னால் இறக்கியிருக்கிறேன், நுனியைக் காற்றுக்குக் குறுக்காக வெட்டி. அடைப்பானில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன், பெரிய விமானங்களை நிறுத்திவைக்கும்போது தொங்கவிடுவார்களே அந்த மாதிரி. தங்கச்சியின் பின்னல் ரிப்பன், கேட்காமல் எடுத்தது.

நேற்று காலை பதினோரு நிமிஷம் பறந்தது. இறக்கியதும் முதல் வேலையாக மூடியைத் திறந்து டேங்க்கைப் பார்த்தேன். பக்கவாட்டில் அந்தப் பழைய மடிப்பு அப்படியே இருந்தது.

"புது டேங்க் வாங்கிரலாமாண்ணே?"

"ஒழுகுதா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன, கெடக்கட்டும் விடு."